மலர் தொடர்பகம்

அம்மாளாச்சி துணை.

03.02.2014 திங்கள்

இது என்னுடைய கணக்குக் கொப்பி. முன்பாதியில் கடைச் சாமான்களும் நேர்த்திக்கடன்களும் எழுதியிருக்கிறேன். பின்பாதி சும்மா கிடக்கிறது. தாள் வீணாகக் கூடாது என்று இதை இங்கே எழுதத் தொடங்குகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பைச் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும் தேவாரப் புத்தகத்திலும் நானே எடுத்துக்கொண்டேன். பிழை இருந்தால் அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

இன்று என் புருசன் படித்த கொம்பியூட்டர் வகுப்பு முடிந்தது. இயக்கத்திலிருந்து, பிடிபட்டுப் புனர்வாழ்வு முடித்து வந்த ஆட்களுக்கென்று ஒரு நிறுவனம் கிளிநொச்சியில் நடத்திய வகுப்பு. கடை போடச் சொல்லிக் கொம்பியூட்டர், பிரிண்டர், ஸ்கேனர் மூன்றும் தந்தார்கள். ஊர்ப் பெடியன் யோகனின் ஓட்டோவில் கொண்டுவந்தோம். பெட்டிகளை இறக்கும்போது யோகன் சொன்னான்:

"அக்கா, முந்தி இயக்கப் பெடியளுக்குப் பெட்டி இறங்கினால் சனம் பங்கருக்குள்ள ஓடும். இப்ப படம் பாக்க ஓடி வரப் போகுது."

இவர் சிரிக்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த விலாசத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

வகுப்பில் இவருக்கு மாக்ஸ் குறைவு. படிப்பித்த பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது: "அக்கா, அண்ணை நல்ல கெட்டிக்காரன். இரண்டு விரல் இல்லாமலே எல்லாரையும் விட வேகமாய் அடிப்பார். ஆனால் ஒருநாளும் செய்த வேலை மிசினில இருக்காது. பின்னேரம் எழும்பேக்க எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் போவார். நான் எதைப் பாத்து மாக்ஸ் போடுறது?"

ஓட்டோவில் வரும்போது கேட்டேன். "பழக்கம்" என்றார்.

அது உண்மைதான். சாப்பிட்ட கோப்பையை உடனே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைப்பார். கிணற்றடிக்குப் போய் வந்தால் தன் கால் தடத்தையும் ஈர்க்குமாறால் கூட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். துப்புரவான மனிதர். நான் குறை சொல்ல மாட்டேன்.

10.02.2014 திங்கள்

முன் அறையைக் கடையாக்கினோம், கடிதம், படிவம் அடித்துக் கொடுக்கும் தொடர்பகம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, அறை சின்னது. பெயர்ப் பலகையில் என்ன போடுவது என்று பலகைக்காரன் கேட்டான். "சிவநேசன் தொடர்பகம்" என்று நான் சொல்ல, இவர் வேண்டாம் என்றார். "என்ர பேர் றோட்டில தொங்க வேண்டாம். உம்மட பேரைப் போடும்."

மலர் தொடர்பகம். தவமலர் என்று முழுவதாய்ப் போட இடம் போதவில்லை.

எங்களுக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். இவர் திருகோணமலைப் பக்கம். தடுப்பு முகாமிலிருந்து வந்து போக்கிடம் இல்லாமல் கோயில் மடத்தில் இருந்தவரை ஐயர் எனக்குப் பேசி முடித்தார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடுவீர்களா? இல்லை என்றார். இயக்கத்தில் என்ன வேலை என்று மாமா கேட்டார். "நிர்வாகம்" என்றார். நிர்வாகம் என்றால் கணக்கு வழக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் கணக்குப் பிடிக்கும்.

27.02.2014 வியாழன். சிவராத்திரி

கடைக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. இவர் காலையில் திறக்கிறார், கொம்பியூட்டரைத் துடைக்கிறார், எதையோ அடித்துப் பழகுகிறார், பின்னேரம் அழிக்கிறார், பூட்டுகிறார்.

கோயிலில் மாலை கட்டும்போது எனக்குக் கேட்கத்தான் பேசினார்கள். "அந்த நேரம் கதவைத் தட்டித் தட்டி வந்து பிள்ளையளைக் கேட்டவை. இப்ப கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு எங்களை வா எண்டால் ஆர் போறது?" இன்னொருத்தி: "அங்க போனால் எங்கட பேரும் ஆமியின்ர கொப்பியில ஏறுமாம்." இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேர்த்தி: கடை ஓடினால் அம்மாளாச்சிக்குப் பாற்செம்பு எடுப்பேன்.

05.03.2014 புதன்

முதல் ஆள் வந்தது. பரிமளம் அக்கா.

பின் வீதியில் இருக்கிறா. புருசன் செல் விழுந்து செத்துப் போனவர். ஒரே மகன் கஜீபன். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் ஆணைக்குழு வருசப்பிறப்பு கழியக் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் கந்தோருக்கு, வருகிறதாம். மே மாதம் பத்தாம் திகதி இவவுக்குத் தவணை. முறைப்பாட்டைக் கொம்பியூட்டரில் அடித்து, பிள்ளையின் படமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

"ஆரையும் பிடிச்சுக் கையால எழுதிக் குடுத்துக் குடுத்துக் களைச்சுப்போனன் தம்பி. நீ அடிச்சுத் தந்தால் எண்டாலும் வாசிப்பாங்களோ எண்டு பாப்பம்."

படம் தாளில் இல்லை. இடம்பெயர்ந்தபோது அல்பம் எல்லாம் போய்விட்டது. மச்சான்காரனின் போனில் எடுத்தது ஒன்று ஒரு மெமரி காட்டில் இருக்கிறது. நகத்தளவு காட். அதைச் சட்டைக்குள்ளே, தாலிக்கொடி கிடந்த இடத்தில், மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தா. போன் உடைந்து வருசக்கணக்கு. ஆகவே அவவும் அந்தப் படத்தைப் பார்த்து வருசக்கணக்கு.

இவர் காட்டை மிசினில் போட்டுத் திறந்தார். பையன் வெள்ளைச் சேட்டோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வாய் நிறையச் சிரிப்பு. காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பரிமளம் அக்கா திரையைத் தொட்டா. பிறகு சேலைத் தலைப்பால் துடைத்தா. பிறகும் தொட்டா.

"இந்தச் சைக்கிளிலதான் ரியூசனுக்குப் போனவன். தருமபுரத்தில றோட்டில மறிச்சு இயக்கத்துக்கெண்டு டிரக்டர் பெட்டியில ஏத்தினவங்கள். ஏத்தினவன் நல்லவன் போல. சைக்கிளை வீணாக்காமல் ஆளிட்டக் குடுத்து விட்டவன்."

இவர் அடித்துக்கொண்டிருந்தார். வயது பதினாறு. கடைசியாகக் கண்ட இடம் என்ற இடத்தில் "மாத்தளன்" என்று, கடைசிச் சண்டை நடந்த ஊரை அடித்தார். பரிமளம் அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் பின்னால் நின்று, "தருமபுரம் எண்டெல்லோ சொன்னவ" என்றேன். அடித்ததை அழித்துத் திருத்தினார். பிழைதான். அவசரத்தில் வரும்.

காட்டை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். படம் சின்னது, பெரிதாக்க நாள் எடுக்குமாம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். இவர் சாப்பிடவில்லை.

17.03.2014 பங்குனித் திங்கள்

விரதம். அம்மன் கண் திறந்துவிட்டாள்.

பரிமளம் அக்கா போன இடமெல்லாம் சொல்லியிருக்கிறா. கிழமை முழுக்கத் தாய்மார் வருகிறார்கள். பொலித்தீன் பையில் படங்கள், மரண அத்தாட்சி வேண்டாமென்று எழுதிய கடிதங்கள், அடையாள அட்டைப் பிரதிகள். இவர் ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் பண்ணி, அவர்கள் சொல்வதைக் கேட்டு அடிக்கிறார். தாய்மாரிடம் இவர் காசு வாங்குவதில்லை. நான் கொப்பியில் "தர்மம்" என்று எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டேன்.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். மாலை கட்டும்போது பேசியவளும் வந்து குடித்தாள். "உங்கட மனிசன் நல்ல பொறுமைசாலி" என்றாள்.

ஆள் இல்லாத நேரத்தில் இவர் ஒரு படத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறார். சைக்கிள் பையன். பெரிதாக்கிப் பார்க்கிறார், சிறிதாக்கிப் பார்க்கிறார். வேலை அப்படி.

24.03.2014 பங்குனித் திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிபோல் பின்னால் மா இடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம். எட்டிப் பார்த்தேன். இலக்கத் தகடு இல்லாத சைக்கிள். இரண்டு பேர், ஆமிச் சப்பாத்து. படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள்.

நான் கடைக்குள் ஓடினேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை, தண்ணீர் தெளித்த தரைபோல. மூன்று விரலும் மற்றக் கையும் அந்த எழுத்துப் பலகையில் ஓடுகின்றன. படங்கள், பெயர்கள், முறைப்பாடுகள் வரிசையாகக் காணாமல் போயின. பரிமளம் அக்காவின் மெமரி காட்டும் மிசினுக்குள்தான் இருந்தது. அதையும் வெறிதாக்கினார். வெறிதாக்கியதோடு விடவில்லை. எனக்காக ஏற்றி வைத்திருந்த அம்மன் பாட்டுகளை அதன் மேல் நிரப்பினார். அவர்கள் முற்றத்தில் நின்று தொப்பியைக் கழற்றி, இஞ்சாலை அங்காலை பார்த்து, படியில் சப்பாத்து மண்ணைத் தட்டி, உள்ளே கால் வைத்தபோது அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

வந்தவர்களில் பெரியவன் கோப்ரல். தமிழ் கொஞ்சம் வரும்.

"தம்பி, பிரிண்ட் அடிக்கிறதுதானே? தமிழ்ல நோட்டிஸ் ஒண்டு வேணும். புதுவருசம் விளையாட்டு. ஊர் ஆக்கள் எல்லாம் வர வேணும். கயிறு இழு, தலையணை அடி, முட்டி உடை. பரிசு இருக்கு."

இவர் அப்படியே இருந்தார். கோப்ரல் என்னைப் பார்த்து, "இவருக்குக் காது கேக்காதா?" என்றான்.

"கேக்கும்" என்றேன்.

நோட்டிஸ் அடித்துக் கொடுத்தார். பூப் போட்ட கரை வைத்து நன்றாகத்தான் அடித்தார். கோப்ரல் பிஸ்கட் பைக்கட் ஒன்றை மேசையில் வைத்து, "நல்ல வேலை" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

பிறகு இவர் எழும்பி வெளியே போய், முற்றத்தில் இருந்த சப்பாத்துத் தடங்களைக் கூட்டினார்.

பிஸ்கட்டைக் கோழிக்குப் போட்டேன்.

25.03.2014 செவ்வாய்

"படங்கள்?" என்று கேட்டேன்.

"தாளில குடுத்தவை திரும்பக் கொண்டு வரட்டும். திரும்ப அடிப்பம்."

"பரிமளம் அக்காவின்ரை?"

மிசினைத் துடைக்கத் தொடங்கினார்.

"காட்டை இழுத்து எடுத்துப் பொக்கற்றுக்குள்ள போட்டிருக்கலாமே. அவ்வளவு சின்னச் சாமான்."

"பழக்கம் மலர். கையில கிடைக்கிறதை முதல் அழிக்கிறது. யோசிக்கிறது பிறகு."

முதல் அழித்தது அந்தக் காட்டைத்தான் என்று எனக்குப் பட்டது. ஆனால் நான் வாசல் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாகச் சொல்ல முடியாது.

26.03.2014 புதன்

இவர் காட்டைத் திருப்பிக் கொடுத்தார். முறைப்பாட்டை இன்னும் திருத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். பரிமளம் அக்கா மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போனா. நான் குசினிக்குள் நின்றேன்.

பின்னேரம் திரும்பி வந்தா. யோகனிடம் புதுப் போன் இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்திருக்கிறா. போனையும் யோகனையும் சேர்த்து இழுத்து வந்திருந்தா.

"மலர், பிள்ளையைக் காணேல்ல. அம்மன் பாட்டுத்தான் பாடுது. எங்க அமத்தினாலும் அம்மன் பாட்டுத்தான் பாடுது. நீ ஒருக்கால் பார்."

யோகன் பகிடி விடவில்லை. முதல்முறையாக.

இவர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார்: ஆமி வந்தது, அழித்தேன், உங்கட படமும் போயிட்டுது. பரிமளம் அக்கா முழுவதையும் கேட்டா. பிறகு மிகவும் சாதாரணமாய், சந்தையில் விலை கேட்பதுபோல் கேட்டா:

"அவங்கள் கேட்டவங்களோ தம்பி? என்ர பிள்ளையின்ர படத்தைத் தா எண்டு கேட்டவங்களோ?"

"இல்லை."

"நோட்டிஸ் அடிக்கத்தானே வந்தவங்கள்."

"ஓம்."

02.04.2014 புதன்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆமிக்கு நோட்டிஸ் அடிக்க எங்கட பிள்ளைகளை அழித்தவன் என்று படலையில் நின்று கத்தினார்கள். பலகையில் என் பெயர்மேல் யாரோ சாணி எறிந்திருக்கிறார்கள். கழுவினேன். "ல" வில் கறை நிற்கிறது.

07.04.2014 கடைசிப் பங்குனித் திங்கள்

கோயில் வெளி வீதியில் பொங்கல். அடுப்புகள் வரிசையாய். என் விறகு ஈரம். பக்கத்து அடுப்பில் கொள்ளி கேட்டேன். "எங்கட நெருப்பு உங்களுக்கு என்னத்துக்கு, உங்களிட்ட ஆமி இருக்கு" என்றாள், தேத்தண்ணி குடித்தவள். பரிமளம் அக்காதான் தன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளி எடுத்து என் அடுப்பில் சொருகினா.

என் பானை மேற்குப் பக்கம் பொங்கி வழிந்தது. நல்லதல்ல என்பார்கள். நான் பானையைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.

14.04.2014 திங்கள். வருசப்பிறப்பு

கைவிசேடக் காசு வாங்க ஒருவரும் வரவில்லை. கயிறு இழுத்தலில் ஆமிதான் வென்றதாம். எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் காணாது என்று அவர்களே இரண்டாய்ப் பிரிந்து இழுத்தார்களாம்.

22.04.2014 செவ்வாய்

பரிமளம் அக்காவோடு யாழ்ப்பாணம் போய் வந்தேன். அழிந்த படத்தை எடுத்துத் தரும் கடை ஒன்று இருக்கிறதாம். பஸ்ஸில் மடியில் கை வைத்து, மஞ்சள் துணியைப் பொத்திக்கொண்டு வந்தா. கடைப் பெடியன் ஏதோ மிசினில் போட்டு நெடுநேரம் பார்த்தான்.

"அம்மா, சும்மா அழிச்சிருந்தால் எடுக்கலாம். இது அழிச்சுப்போட்டு மேல பாட்டு எழுதியிருக்கு. முழுக்க. ஆரோ விசயம் தெரிஞ்ச ஆள் செய்திருக்கு."

திரும்பும்போது தன் பையிலிருந்து புருசனின் பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினா. இளமையில் எடுத்த படம். "கஜீபன் தேப்பன்ர அச்சு மலர். காது மட்டும் என்ரை." அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இவருக்கு வகுப்பில் பழைய படம் திருத்தவும், இல்லாத ஆளைக் கலியாணப் படத்தில் சேர்க்கவும் பழக்கியிருந்தார்கள். தகப்பன் முகத்தை வைத்துப் பிள்ளையைச் செய்யலாமே என்று நான்தான் சொன்னேன்.

பரிமளம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டா. அம்மன் என் வாயில் வந்து சொன்னாள் என்று அப்போது நினைத்தேன்.

02.05.2014 வெள்ளி

இவர் முதலில் மாட்டேன் என்றார். நான் அழுதேன். பிறகு சரி என்றார்.

இன்று முழுப் பகலும் பரிமளம் அக்கா இவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. நெடுநாளுக்குப் பிறகு வீட்டில் சத்தம்.

"மீசையை எடு தம்பி. அவனுக்கு அரும்பினதுதான், அதையும் தேப்பன்ர பிளேட்டால வழிச்சுப்போட்டான், நான் பேசினனான்."

"இப்ப?"

"கன்னத்தைக் கொஞ்சம் வத்த விடு. சோறு தின்னாத பிள்ளை. காது... காதை வெளிய எடு. இன்னும். வெக்கப்படாமல் எடு, அது எங்கட பரம்பரைக் காது."

யோகன் எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னும் இழுத்தால் பறந்திடும்" என்றான். பரிமளம் அக்கா சிரித்தா. முன்பல் ஒன்று இல்லை என்பதை இன்றுதான் கண்டேன்.

மிச்சத்தைத் தான் தனிய இருந்து முடிப்பதாக இவர் சொன்னார்.

09.05.2014 வெள்ளி

நாளை தவணை. காலையில் பரிமளம் அக்கா குளித்து, திருநீறு பூசி வந்தா. இவர் படத்தை அடித்து வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் சாம்பிராணித் தட்டோடு பின்னால் நின்றேன்.

அவன்தான். சைக்கிள் இல்லை, சிரிப்புக் கொஞ்சம் குறைவு, ஆனால் அவன்தான். சொன்னால் நம்பமாட்டார்கள், தகப்பன் முகத்துக்குள்ளிருந்து பிள்ளை வந்து நின்றான்.

பரிமளம் அக்கா தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தா. "மூக்குச் சரி. வாய் சரி. ஐயோ காது." விரல் முகத்தில் ஊர்ந்து போனது. இடது புருவத்தில் நின்றது.

"இது என்ன தம்பி?"

புருவத்தை இரண்டாக வெட்டியதுபோல் சின்னக் கோடு. முடி இல்லாத கோடு.

"தூசி. ஸ்கேனர் தூசி. அழிச்சு விடுறன்" என்று இவர் பலகைக்குக் கையைக் கொண்டு போனார்.

"தூசியில்லை." தாளை மேசையில் வைக்காமலே சொன்னா. "நீ தூசியைக் கீற மாட்டாய். துப்புரவான ஆள். தேப்பனுக்கும் இது இல்லை. என்ர பிள்ளைக்கும் இது இருக்கேல்ல, என்னட்ட இருந்த வரைக்கும்."

இவர் கை பலகையில். அவ அந்தக் கையைப் பிடித்தா. விரல் இல்லாத பக்கத்தால் பிடித்தா.

"அழிக்காத தம்பி. எப்ப கண்டனி?"

சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. இவர் என் பக்கம் திரும்பாமல், "மலர், நீர் உள்ள போம்" என்றார்.

போனேன். மத்தியானச் சம்பலுக்குத் தேங்காய் துருவ வேண்டியிருந்தது. உடைத்து, துருவுபலகையில் இருந்து, துருவினேன். துருவுபலகைச் சத்தம் பெரிய சத்தம். முன் அறையில் பேசுவது ஒன்றும் கேட்காது. ஒரு பாதி முடிந்து மற்றப் பாதியை எடுக்கும்போது மட்டும் இவர் குரல் கேட்டது. அக்கா என்று சொல்லவில்லை.

"நான்தான் அம்மா ஏத்தினது. திமிறினவன். டிரக்டர் பெட்டிக் கதவு புருவத்தில பட்டது."

மற்றப் பாதியைத் துருவினேன். பால் வெள்ளை முடிந்து, சிரட்டையின் கறுப்பு விழும்வரை துருவினேன். பிறகு இன்னொரு தேங்காய் உடைத்தேன். அது அம்மனுக்கென்று எடுத்து வைத்தது.

நிமிர்ந்தபோது குசினி வாசலில் பரிமளம் அக்கா நின்றா. படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தா.

"மலர், கேட்டனியோ?"

"இல்லை அக்கா. தேங்காய் துருவிக்கொண்டிருந்தன்."

சுளகு நிறைய இருந்த தேங்காய்ப்பூவைப் பார்த்தா. "ஓ. கனக்கத்தான் துருவியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனா.

10.05.2014 சனி

கச்சேரிக்கு அவ தனியாகப் போனா. ஓட்டோ வேண்டாம் என்று பஸ்ஸில் போனா.

இவர் உடுப்பு இரண்டை மடித்துப் பையில் வைத்து, நாள் முழுக்கப் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. ஒருவரும் வரவில்லை. கொம்பியூட்டரில் அந்தப் படம் அப்படியே இருக்கிறது. இவர் அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

11.05.2014 ஞாயிறு

யோகன் சொல்லித் தெரியும். ஆணைக்குழுவில் படத்தை வாங்கி, நல்ல தெளிவான படம் என்றார்களாம். ஏத்தியவர் யாரென்று தெரியுமா என்று கேட்டார்களாம். தெரியாது என்றாவாம்.

உண்மையிலேயே அவவுக்குத் தெரியாதோ என்று யோகன் என்னைக் கேட்டான். "உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

எனக்கு எப்படித் தெரியும்.

12.05.2014 திங்கள்

கடை திறக்கும் நேரம் பரிமளம் அக்கா வந்தா. அந்தக் கதிரையை இழுத்து அதே இடத்தில் போட்டு இருந்தா. இவர் எழும்பினார்.

"இரு தம்பி. உன்னை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போக வேண்டாம். போனால் எனக்கு ஆர் சொல்லுறது? ஏத்தின நாளில இருந்து மாத்தளன் வரைக்கும் உன்னோடதானே இருந்தவன். எனக்கு ஒவ்வொரு நாளும் ஒண்டு சொல்லு. என்ன திண்டவன், ஆரோட படுத்தவன், என்னைக் கேட்டவனோ. ஒரேயடியாச் சொல்லி முடிச்சுப்போடாத. ஒண்டு ஒண்டாச் சொல்லு."

நான் துருவுபலகையை எடுத்தேன்.

18.05.2014 ஞாயிறு

சண்டை முடிந்து இன்றோடு ஐந்து வருடம், கோயிலில் விசேட விளக்கு ஒன்றும் ஏற்றக் கூடாதென்று ஆமியின் அறிவித்தல். வீட்டில் ஏற்றினேன். வழமையாக ஏற்றும் விளக்குத்தான்.

பரிமளம் அக்கா ஞாயிறும் வந்தா.

30.05.2014 வெள்ளி

கடைக்கு ஆட்கள் திரும்ப வரத் தொடங்கிவிட்டார்கள். பரிமளமே மன்னித்து வந்து இருக்கிறா, எங்களுக்கு என்ன என்று பேசிக்கொள்கிறார்களாம். மாணவர்கள் படிவம் அடிக்க வருகிறார்கள். தாய்மார் படங்களைத் திரும்பக் கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள். தேத்தண்ணி குடித்தவள் பரிமளம் அக்காவுக்கு என்று பணியாரம் சுட்டுக் கொண்டு வந்தாள். "உங்கட கடைக்கு அவ இருக்கிறது ஒரு அழகு" என்றாள்.

இவர் மெலிந்துபோனார். காலையில் அவ வரும் நேரத்துக்கு முன்னமே மேசையில் கை வைத்தபடி இருக்கிறார். சொல்வதற்கு நாள் போகப் போக யோசிக்க வேண்டியிருக்கிறது போல. முடிந்துவிட்டால் என்ன செய்வார் என்று நான் நினைப்பதில்லை. கடைசியாகச் சொல்ல வேண்டியது என்னவாயிருக்கும் என்றும் நினைப்பதில்லை.

கடை ஓடினால் பாற்செம்பு என்று நேர்ந்திருந்தேன். கடை ஓடுகிறது. வைகாசிப் பொங்கலுக்கு எடுக்க வேண்டும். நேர்ந்தது நேர்ந்ததுதான்.

மாதக் கணக்கு முடித்தேன். அரிசி, மா, சீனி முன்போலத்தான். மண்ணெண்ணெய் குறைவு. தேங்காய்தான் இந்த மாதம் கனக்கச் செலவாகியிருக்கிறது.